ஈயத்தாள் சுற்றிய போத்தல்கள்

1

மதுவிலக்கு வந்துவிட்ட ஊருக்கு, பீர் அடைப்பதைப் பற்றி எழுதப் போகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். நான் ஒரு சொட்டும் குடித்தவன் இல்லை. இலங்கை மலைநாட்டில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை தம் பங்களாவில் காய்ச்சும் பீரைப் போத்தலில் ஊற்றி மூடி, வெளிச்சம் படாமல் காப்பாற்றிக் கொடுக்கிறவன். அது போக ஆபீஸ் வேலையும் என் தலையில்தான்.

போத்தல் என்றால் பாட்டில். போன தடவை ஊருக்கு வந்திருந்தபோது அக்கா வீட்டில் "அந்த எண்ணெய்ப் போத்தலை எடு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இங்கே நான் இந்தியாக்காரன், அங்கே நான் கொழும்புக்காரன். இரண்டு இடத்திலும் கேலி எனக்குத்தான்.

போன மாதம் என் அப்பாவின் திதி வந்தது. அன்றைக்கே பீர் அடைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே ஒரு தந்தியும் வந்தது. ஒரு மனிதரை நான் ஏழு வருடம் முன்பு ஒரு தடவை பழிவாங்கினேன். அது போதவில்லை. போன மாதம் மறுபடியும் வாங்கினேன். நல்லவன் என்று பெயர் எடுப்பதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

யுத்தம் தொடங்கியபின் சீமையிலிருந்து பீர் வருவது குறைந்தது. வெள்ளைக்காரன் சோறில்லாமல் இருப்பான் போலிருக்கிறது, பீர் இல்லாமல் இருக்க மாட்டான். எங்கள் துரை ஏதோ புத்தகத்தைப் பார்த்துத் தானே காய்ச்சத் தொடங்கினார். தகர டப்பாவில் வரும் பார்லிப் பாகு, கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு காய்ந்த பூ, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். எல்லாவற்றையும் பெரிய ஜாடியில் ஊற்றி மூடிவைத்தால் பத்து நாள் நுரை தள்ளும். நுரை அடங்கியதும் ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சின்னக் கரண்டி சீனி போட்டு, ரப்பர்க் குழாய் வழியாக இறக்கி, மூடியை இறுக்கிவிட வேண்டும். பிறகு மூன்று நான்கு வாரம் அதைத் தொடக் கூடாது. குழாயை முதலில் வாயால் உறிஞ்சித்தான் இறக்க முடியும். உறிஞ்சியதைத் துப்பிவிடுவேன்.

பங்களா ஸ்டோர் அப்போது என் பொறுப்பில் இருந்ததால் அடைக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் தடவை அடைத்து முடித்ததும் நான் செய்த காரியம் இன்றைக்கும் வேலையாட்களுக்குச் சிரிப்பு. நாற்பது போத்தலையும் பின்பக்கப் புல்வெளியில் வரிசையாக வைத்து வெயில் காட்டினேன். எங்கள் வல்லத்திராக்கோட்டையில் எது கெடக் கூடாதோ அதற்கு வெயில் காட்டுவார்கள். ஊறுகாய் ஜாடி, விதைநெல், வைத்தியர் கொடுத்த தைலம், மெத்தை, தலையணை எல்லாம் வெயிலுக்குப் போகும். காலையில் வெளியே எடுத்துவைத்து, சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே கொண்டுபோய், ஐந்து நாள் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டேன். துரை சொல்லாமலே செய்கிறோம் என்று பெருமை வேறு.

திறந்த அன்றைக்குப் பங்களா முழுக்க நாற்றம். மரநாய் கூரைக்குள் குடியிருந்துவிட்டுப் போனால் ஒரு வாடை அடிக்குமே, அதுதான். துரை திட்டவில்லை. ஒரு பழுப்புப் போத்தலையும் ஒரு வெள்ளைப் போத்தலையும் எடுத்துவரச் சொல்லி இரண்டையும் என் மூக்குக்கு நேரே திறந்தார். பழுப்பில் வாடை இல்லை. வெள்ளைக் கண்ணாடியில் இருந்ததுதான் நாறியது.

"முத்தையா, சூடு இல்லே. வெளிச்சம். வெளிச்சம் பட்டா பீர் செத்துப் போச்சி. பழுப்புப் போத்தல் குடை புடிக்குது. வெள்ளை குடை புடிக்காது" என்றார், தோட்டத்தில் கற்ற தமிழில்.

பச்சைப் போத்தலும் ஏமாற்றுமாம். பார்க்கத்தான் கறுப்பாக இருக்கும், வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். வெயில் வேண்டும் என்றுகூட இல்லை, ஜன்னலோர வெளிச்சமே போதும். இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். கெட்ட போத்தலும் நல்ல போத்தலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. அதே நிறம், அதே நுரை. திறந்து மூக்கருகில் கொண்டுபோகும் வரை யாருக்கும் தெரியாது. இதை நான் மறக்கவில்லை.

3

யுத்தகாலத்தில் பழுப்புப் போத்தலுக்கு எங்கே போவது? கிடைத்ததெல்லாம் மருந்துக்கடை வெள்ளைப் போத்தல். கந்தல் சுற்றிப் பார்த்தோம், நழுவியது. சாக்குப் போர்த்தினோம், எலி வந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் புகாமல் ஈயத்தாள் பரப்புவார்கள். பெட்டி அடிக்கும் இடத்தில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடக்கும். அதைக் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் சுற்றி, விரலால் அழுத்திவிட்டேன். சட்டை தைத்துப் போட்டது போல் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது வாடை துளியும் இல்லை.

இதைத் துரையிடம் கொண்டுபோய்ச் சொன்னவர் பெரிய கிளாக்கர் என்ற தலைமைக் குமாஸ்தா அருணாசலம். திருமயத்துக்குப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இந்தத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிவந்ததே அவர்தான் என்பதால், அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் முன்னால் உட்கார மாட்டேன். "நான் யோசித்தேன், சார்" என்று அவர் இங்கிலீஷில் ஆரம்பித்ததைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அடைப்பது, சுற்றுவது, இருட்டறையில் அடுக்குவது எல்லாம் தன் மேற்பார்வை, தன் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் என் தோளில் தட்டினார். "ஒனக்கு இங்கிலீசு வராதுல்ல தம்பி. நாஞ் சொன்னாத்தான் தொரை காதுல ஏறும். யாரு செஞ்சா என்ன, நம்ம பக்கத்து ஆளுக்குத்தான பேரு?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

4

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் கம்பெனியின் பெரிய துரை தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. விருந்துக்கு எட்டு டஜன் போத்தல் வேண்டும் என்று எங்கள் துரை கேட்டார். "நானே முன்னால் நின்று அடைத்துத் தருகிறேன்" என்று கிளாக்கர் ஏற்றுக்கொண்டார். அவருக்குக் குழாயின் எந்த முனையை ஜாடிக்குள் விடுவது என்றுகூடத் தெரியாது.

திங்கள்கிழமை ஜாடியில் நுரை அடங்கியது. இனி மூன்று நாளுக்குள் அடைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் புளித்துவிடும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் குனிந்த தலை நிமிரவில்லை. கழுவினேன், ஊற்றினேன், மூடினேன், ஈயத்தாள் சுற்றினேன். கிளாக்கர் வேளைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். வழக்கமில்லாத வழக்கமாக எனக்குத் தேத்தண்ணீர்கூட அனுப்பிவைத்தார்.

வியாழன் காலை கடைசிப் போத்தலைச் சுற்றி வைத்தபின் சட்டைப் பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்து நீட்டினார். 'பாதர் சீரியஸ். ஸ்டார்ட்.'

"எப்ப வந்துச்சுண்ணே?"

"இப்பத்தான் வந்துச்சுப்பா. மனசத் தளரவிடாம கெளம்பு."

அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினேன். அட்டனில் ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். இங்கிருந்து கிளம்பினால் மூன்றாம் நாள் ஊரில் இருக்கலாம். கப்பலில் உட்கார்ந்து தந்தியை இன்னொரு தடவை விரித்தபோதுதான் மூலையில் இருந்த வட்ட முத்திரையைப் பார்த்தேன். அட்டன் தபாலாபீஸ் போட்டது. திங்கள்கிழமைத் தேதி.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். வாசலில் சாம்பலும் இல்லை, கூட்டமும் இல்லை. வியாழன் காலையில் உயிர் போயிருக்கிறது, சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் ஒரே மகன். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். எந்தப் பங்காளியோடு அப்பா வரப்புத் தகராறில் இருபது வருடம் பேசாமல் இருந்தாரோ, அந்த வீட்டுப் பையன்.

அக்கா என்னைப் பார்த்ததும் அழவில்லை. அடித்தாள். "எங்கிட்டுடா போய்த் தொலஞ்சே? தந்தி குடுத்து ஆறு நாளாச்சே! புதன்கிழமை ராவு வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாருடா. ரயிலு சத்தம் கேக்கும்போதெல்லாம், தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு..."

திங்கள்கிழமையே தந்தி என் கைக்கு வந்திருந்தால் புதன்கிழமை நான் அந்த வாசலில் நின்றிருப்பேன்.

5

திரும்பும் வழியில், இலங்கைக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் மண்டபம் முகாமில் என்னை நிறுத்தி, நாக்கை நீட்டு என்றார்கள், கண்ணைக் காட்டு என்றார்கள், இருமு என்றார்கள். நோய் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என் நோய் அவர்களுடைய காகிதத்தில் இல்லை.

கிளாக்கரிடம் நேராகவே கேட்டேன். முத்திரையைக் காட்டினேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"ரெண்டு நாளு முன்னப் பின்ன ஆனா என்னப்பா? நீ போயிருந்தா இங்கிட்டு எங்காரியம் கெட்டிருக்கும். ஒறவு சனம் அம்புட்டுப் பேரு இருக்கையில, அங்க கொள்ளி வைக்க ஆளா இல்ல?"

கை ஓங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஸ்டோருக்குப் போனேன். விருந்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மறுநாள் பகலில் துரை மேல்மலைக்குப் போன சமயம், எட்டு டஜன் போத்தலையும் இருட்டறையிலிருந்து எடுத்தேன். ஈயத்தாளை ஒவ்வொன்றாகக் கிழியாமல் உரித்து, கண்ணாடி போட்ட முன்கூடத்தில் வெயில் விழும் இடத்தில் நிறுத்தினேன். மத்தியானம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் வெயில் காய்ந்ததில்லை. பிறகு அதே தாளை அதே மடிப்பில் சுற்றி, அதே வரிசையில் அடுக்கினேன்.

விருந்தன்று கிளாக்கர் கோட்டு போட்டுக்கொண்டு தானே ஊற்றினார். "என் தயாரிப்பு, சார்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பெரிய துரை ஒரு வாய் குடித்துவிட்டுப் பூந்தொட்டியில் துப்பினார். ஒரு துரைசானி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிளாக்கர் அடுத்த போத்தலைத் திறந்தார், அதற்கடுத்ததைத் திறந்தார். எல்லாமே மரநாய்தான்.

எங்கள் துரைக்கு வாடை வந்ததுமே புரிந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முத்தையா, யார் வெயில் காட்டினது?"

"எல்லாம் பெரிய கிளாக்கர் மேற்பார்வைதானே துரை" என்றேன்.

அடுத்த மாதம் அருணாசலம் கீழ்க்கணக்குக்கு மாற்றப்பட்டார். தோட்டத்தின் கீழ்ப் பகுதியை இங்கே அப்படிச் சொல்வார்கள். அங்கே வேலைக்கு வந்த ஆட்களின் பெயர் கூப்பிடும் வேலை. ஆபீஸ் சாவி நாளடைவில் என்னிடம் வந்தது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். பிறகு அக்காவின் குரல் மறுபடியும் கேட்கத் தொடங்கியது. அவர் முகத்தில் கரி பூசியாகிவிட்டது, ஆனால் புதன்கிழமை ராத்திரி என் அப்பா பார்த்துக்கொண்டிருந்த அந்த வாசல் அவருக்குத் தெரியவே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் சாகக் கூடாது என்று நினைத்தேன். கோயிலில்கூட அதையே வேண்டினேன்.

6

இப்போது இங்கே எங்களுக்குப் பிரஜாவுரிமைப் பிரச்சனை. சுதந்திரம் வந்தது, நாங்கள் அந்நியர் ஆனோம். ஒரு படிவத்துக்கு மூன்று நகல் கேட்கிறார்கள். பிறந்த நாடு என்ற இடத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் என்று எழுதினேன். கச்சேரியில், அதாவது அரசாங்க ஆபீஸில், இருந்தவர் அப்படி ஒரு நாடே கிடையாது என்று அடித்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான், போன வருடம்தான் அதைச் சென்னை மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். நான் பிறந்த நாடு நான் இல்லாத நேரத்தில் காணாமல் போய்விட்டது. அதற்கும் என்னைக் கூப்பிடவில்லை.

வீட்டில் படிவத்தை நிரப்புகிறவன் என் மூத்த மகன். அட்டனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் படிக்கிறான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுதினால் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும். வல்லத்திராக்கோட்டை என்று எழுத நான்கு தடவை அழித்தான்.

"தாத்தா செத்த தேதி கேட்டிருக்கு" என்றான். சொன்னேன். எழுதினான். பேனாவைப் பிடித்துக்கொண்டே, "நீங்க அப்ப அங்க இருந்தீங்களாப்பா?" என்று கேட்டான்.

"இல்லை."

"ஏன்?"

"பீர் அடைச்சிக்கிட்டு இருந்தேன்."

அவன் சிரித்துவிட்டான். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறான். அவனை அடிக்கக் கை வந்தது, அடிக்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

7

போன மாதம் திதியன்று காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் பங்களாவுக்குப் போனேன். ஜாடி தயாராக இருந்தது. கண்ணாடி போட்ட அதே முன்கூடத்தில் திரையை இறக்கிவிட்டு இரண்டு டஜன் வெள்ளைப் போத்தல் ஊற்றியிருப்பேன், தபால்காரன் வந்து தந்தியை நீட்டினான். இங்கே தோட்டத்து ஆட்களுக்கு வரும் தந்தியை ஆபீஸில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பது வழக்கம். பிரித்தேன்.

கீழ்க்கணக்கு அருணாசலத்துக்கு. 'மதர் சீரியஸ். ஸ்டார்ட்.'

அவரும் ஒரே மகன்.

கையில் நுரை வழிந்துகொண்டிருந்தது. ஏழு வருடம் கோயிலில் கேட்டதைத் தபால்காரன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். அங்கிருந்த மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பீரை அடைத்து முடிக்கலாம். மூன்று நாள் போதும். யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் வேலை இருந்தது என்பேன். இழுப்பறையைத் திறந்தும்விட்டேன்.

அப்போது அந்த அம்மா நினைவுக்கு வந்தார். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார், ரயில் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? இழுப்பறையைச் சாத்தினேன். திரை எப்போது விலகியதோ தெரியாது, போத்தல்களை அப்படியே விட்டுவிட்டுக் கீழ்க்கணக்குக்கு ஓடினேன். இரண்டு மைல். ஓடிக்கொண்டேதான் அதைச் செய்தேன். தந்தியின் மூலையில், அட்டன் தபாலாபீஸின் வட்ட முத்திரை இருந்த இடத்தை, அன்றைய தேதியோடு கிழித்து எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டு, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார் அருணாசலம். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அண்ணே, தந்தி" என்றேன்.

படித்தார். "எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான் வந்துச்சுண்ணே."

நான் சொன்னது சத்தியமான உண்மை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலை இல்லாததைக் கண்டார். இதுவரை மனிதர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"முத்தையா, நெசத்தச் சொல்லுப்பா. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுறேன். எப்பய்யா வந்துச்சு? எங்கத்தா இருக்காளா?"

"இப்பத்தாண்ணே வந்துச்சு. ரயிலுக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

மேட்டில் ஏறும்போது என் முதுகுக்குப் பின்னால் அவர் அழுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பங்களாவில் முன்கூடம் முழுக்க வெயில். இரண்டு டஜனும் போயிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் ஊற்றினேன்.

பத்து நாள் கழித்து அக்கா கடிதம் எழுதியிருந்தாள். தந்தி என் கைக்கு வந்த அன்று மத்தியானமே அந்த அம்மாவின் உயிர் போயிருக்கிறது. பறந்து போயிருந்தாலும் யாரும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அருணாசலம் போகும்போது எல்லாம் முடிந்துவிட்டதாம், மருமகன் முறைக்காரன் ஒருவன் கொள்ளி வைத்தானாம். சாவு வீட்டில் தந்தி கொடுத்த நாளை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்களாம். அவர் இப்போது யாரைப் பார்த்தாலும் வல்லத்திராக்கோட்டை முத்தையா தந்தியை மூன்று நாள் ஒளித்துவைத்துக் கொடுத்தான் என்று சொல்லி அழுகிறாராம். இனி இந்தப் பக்கம் வர மாட்டாராம். "நெசமாடா தம்பி? நம்ம அப்பாவுக்கு நடந்தது தெரிஞ்சும் நீயாடா இப்படிச் செஞ்சே?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

அக்காவுக்கு மட்டும் உண்மையை எழுதிவிட்டேன். அவருக்கு எழுதவில்லை. அந்த மூலையை ஒரு உறையில் போட்டு அனுப்பினால் அவருக்கு நிம்மதி கிடைக்கும், என் பெயரும் சுத்தமாகும். திருமயம் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் அவரைப் பார்த்தால் சொல்லுங்கள், சொல்லாமலும் விடுங்கள், அது உங்கள் பாடு. நான் அனுப்புவதாக இல்லை. தகரப் பெட்டியில், அப்பாவின் தந்திக்கு மேலே வைத்திருக்கிறேன். தேதியின் மை மங்கிவிடாமல் இருக்க ஈயத்தாளில் சுற்றியிருக்கிறேன்.